அரைப்பேர்

மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறதாம் அவருடைய பங்களா.
"மூன்றாம் பக்கம் மயானம் தங்கச்சி,
அங்கே யார் வந்து ரூம் கேட்பது?"
வைபரில் தென்னக்கோன், பாதி தமிழில்.

ஹட்டனில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை.
பணிஸ் வேகும் வாசனை படியேறி வரும்.
மழை இருட்டினால்
ரவுட்டர் கண்ணை மூடிக்கொள்ளும்.

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளுக்குப்
பேர் மாற்ற வேண்டும்.
கமரா குத்திய இலக்கத்தை அழித்துவிட்டு
ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு சிறு கோடு.
அடிக்கோடு ஆகாது,
தேடுபொறி ஒட்டுப்போட்டு ஒரே சொல்லாய் வாசிக்கும்.
தமிழும் ஆகாது.
ஓர் 'அ' போட்டுப் பார்த்தேன்.
நகல் எடுத்து ஒட்டியதும் முகவரியில் அது
விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாய்ச் சுருண்டு விழுந்தது,
உப்புப் பட்ட அட்டை மாதிரி.

பக்கங்களைக் கவ்வாத்து வெட்டினேன்.
ஏழு படி கீழே கிடந்தவை
இப்போது இரண்டு படியில் கைக்கு எட்டும்.
ஆள் வராத கிளைகளை அடியோடு எடுத்தேன்.
கொஞ்ச நாள் மலை மொட்டையாய்த்தான் தெரியும்,
பயப்படாதீங்க என்று அவருக்கு எழுதினேன்.

எங்கள் பக்கம்
பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
இது ஞாபகம் வராமல்
ஒரு கோப்புக்கும் பேர் போட முடியவில்லை.
வேலைக்கு இடைஞ்சல்.

நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்றில்
செவனம்மா நிற்கிறாள்,
எங்கள் லயத்து ஆறாவது காம்பரா,
பைப்படியில் என்னோடு மூன்று தடவை சண்டை போட்டவள்.
ஸ்மைலிங்-டீ-ப்ளக்கர் என்று வை என்கிறார் தென்னக்கோன்,
மாதம் இரண்டாயிரம் பேர் தேடுகிறார்களாம்.
வைத்தேன்.
பார்வையற்றோருக்கு என்று படத்தின் அடியில்
ஒரு வரிக்கு இடம் உண்டு, யாரும் சரிபார்ப்பதில்லை.
அதில் தமிழிலேயே எழுதினேன்:
பதினெட்டு கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் இரண்டு கழித்தார்கள்.
செவனம்மா தராசைப் பார்க்கிறாள்.
இது சிரிப்பு அல்ல.

தோட்டத்தின் பேர் பலகையில் ஆல்டர்புரூக்.
நாங்கள் சொல்வது குதிரைப்பாலம்.
கருவியில் அதைத் தட்டினேன்.
மாதத்துக்குத் தேடுவோர்: சுழியம்.

பத்தாம் நாள்
இல்லாத பக்கத்தின் கதவைத் தட்டியவர்களின் பதிவேட்டில்
ஒரே இலக்கம் பதினொரு தடவை.
கோத்தகிரிப் பக்கம். எப்போதும் விடியற்காலை மூன்று மணி.
தேடியது, நான் வெட்டி எறிந்த ஒரு படம்.
எனக்கு முன் இங்கே இருந்த பையன்
அழகுக்கு என்று மாட்டி வைத்தது:
அறுபத்து நாலாம் வருஷத்துச் செக்ரோலில் ஒரு தாள்,
கீழ்க்கணக்குப் பிரட்டு.

குப்பைத் தொட்டி இன்னும் காலியாகவில்லை.
பெரிதாக்கினேன்.
பேச்சாயி, பேர்.
சடையன், பேர்.
மருதை, அரைப்பேர்.
அடுத்த வரி முழுக்க மை ஊறியிருந்தது,
அவர் தேடுவது அதைத்தானோ என்னவோ.

திரும்ப வைத்தேன்.
புதுப் பேர் கொடுத்தேன், தமிழில்,
சுருண்டு விழுந்தால் விழட்டும்.
பழைய முகவரிக்கு முன்னூற்றொன்று போட்டேன்.
நிரந்தரமாய் இடம் மாறியவர்களுக்கான இலக்கம் அது,
வருகிறவரைப் புது வாசலில் கொண்டுவிடும்.

மறுநாள் மூன்று பத்துக்குக் கோத்தகிரி வந்தது.
நாலு நிமிஷம் நின்றது.
அப்புறம் வரவில்லை.

"இரண்டாம் பக்கத்துக்கு வந்துட்டோம்!"
தென்னக்கோன் கைதட்டும் மஞ்சள் பொம்மைகளை அனுப்பினார்.
கருவி மட்டும் தினமும் சிவப்பில் சொல்கிறது:
ஒரு படம் கனம் அதிகம்,
தளத்தை இழுத்துப் பிடிக்கிறது,
நாலு எம்பி கழிக்கவும்.

கழிக்கவில்லை.